மூச்சடக்கும் நெல்லும் பள்ளி வகுப்பறையும்

பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் அறிவியல், பெரும்பாலும் விடை கண்டு முடிக்கப்பட்ட அறிவியலாகவே இருக்கிறது. நியூட்டனின் விதிகளும் மெண்டலின் பட்டாணிச் செடிகளும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றை மட்டுமே பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வெளியேறும் மாணவர், அறிவியல் என்பது எப்போதோ எங்கோ சிலர் கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போன உண்மைகளின் தொகுப்பு என்று எண்ணிக்கொள்வது இயல்பு. தம் காலத்திலேயே, சில நேரங்களில் தம் ஊருக்கு அருகிலேயே, விடை தெரியாத கேள்விகளோடு ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், அக்கேள்விகளுள் சில தம் வீட்டு இட்லிப் பானையோடு தொடர்புடையவை என்பதும் அவருக்குத் தெரியவருவதே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள் இல்லாமலில்லை. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 2017இல் தொடங்கிய ‘ஜிக்யாசா’ திட்டம் பள்ளி மாணவர்களை ஆய்வகங்களுக்குள் அழைத்துச் சென்று ஆய்வாளர்களோடு பேச வைக்கிறது. ஆனால் இத்தகைய அறிமுகங்களில் ஒரு குறை அடிக்கடி நேர்ந்துவிடுகிறது. ஆய்வகத்தின் வெற்றிகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன, கருவிகள் காட்டப்படுகின்றன, மாணவர் வியந்து திரும்புகிறார். வியப்பு நல்லதுதான் என்றாலும், ஒரு கேள்வி எப்படிப் பிறந்தது, எத்தனை முறை தோற்றது, எவ்வளவு காலம் பிடித்தது, இறுதியில் யாருக்குப் பயன்பட்டது என்ற தொடர்ச்சி அவர் கையில் கிடைப்பதில்லை. பத்து ஆய்வுகளின் முடிவுகளைச் சொல்வதைவிட, ஒரே ஓர் ஆய்வைத் தொடக்கம் முதல் இன்றைய நிலை வரை பின்தொடரச் செய்வதே மாணவருக்கு ஆய்வை அறிமுகப்படுத்தும் சிறந்த வழி. அதற்குத் தமிழ்நாட்டு மாணவருக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, வெள்ளத்தில் மூழ்கியும் சாகாத நெல்.

நெல் நீரில் நின்று வளரும் பயிர் என்பதால் எவ்வளவு நீரையும் அது தாங்கும் என்று நகரத்தார் பலர் நினைப்பதுண்டு. காவிரி டெல்டாவின் உழவருக்கு உண்மை தெரியும். சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டி, வடிகால் வழியின்றி வயலில் நீர் ஏறி, பயிரின் நுனியும் தெரியாதபடி ஒரு வாரம் மூடிக் கிடந்தால், நீர் வடியும்போது அங்கே எஞ்சுவது அழுகிச் சாய்ந்த தாள்களே. இதே துயரம் ஒடிசாவிலும் பீகாரிலும் அசாமிலும் வங்கதேசத்திலும் இன்னும் பெரிய அளவில் ஆண்டுதோறும் நிகழ்கிறது.

மூழ்கிய பயிர் ஏன் சாகிறது என்ற கேள்விக்கு ‘மூச்சுத் திணறி’ என்பது பாதி விடை மட்டுமே. வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. ஆகவே மூழ்கிய இலைக்கு ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடும் சுவாசத்துக்கு வேண்டிய ஆக்சிஜனும் போதிய அளவு கிடைப்பதில்லை. அதே காரணத்தால், செடி தானே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும்போது பழுப்பதைத் தூண்டுவது எத்திலீன்தான். செடிகளின் உடலில் அது செய்தி சொல்லும் வாயுவாகச் செயல்படுகிறது. நெற்பயிருக்குள் எத்திலீன் பெருகியதும், தண்டையும் இலையையும் நீளச் செய்யும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் முடுக்கிவிடப்படுகிறது. நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டிவிட வேண்டும் என்று பயிர் தன் சேமிப்பில் உள்ள மாவுச்சத்து முழுவதையும் செலவழித்து நீள்கிறது. நீர் ஆழம் குறைவாக இருந்தால் இந்த முயற்சி வென்றுவிடும். ஆழம் மிகுந்தால், வெள்ளம் வடியும் வேளையில் பயிரிடம் மீண்டெழச் செலவிட ஒன்றும் மிஞ்சியிராது. நெட்டையாய் வெளிறிப்போன தண்டு தன் எடையைத் தாங்காமல் சாய்ந்துவிடும். சுருங்கச் சொன்னால், பிழைக்கச் செய்யும் முயற்சியே பயிரைக் கொன்றுவிடுகிறது.

இங்கே ஆசிரியர் ஒருவர் சற்று நின்று, ஜிப்ரலின் கண்டறியப்பட்ட வரலாற்றைச் சொல்வது நல்லது. ஜப்பானிய உழவர்கள் ‘முட்டாள் நாற்று’ என்று பொருள்படும் பெயரால் அழைத்த ஒரு நெல் நோயில், நாற்றுகள் அளவுக்கு மீறி நீண்டு, மெலிந்து, பட்டுப்போயின. அந்நோயை உண்டாக்கும் பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒரு பொருளே இந்த நீட்சிக்குக் காரணம் என்பதை எயிச்சி குரோசாவா 1926இல் காட்டினார். பின்னர் அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டு ஜிப்ரலின் என்று பெயரிடப்பட்டது. செடிகள் தாமாகவே அதை உண்டாக்குகின்றன என்பதும் தெரியவந்தது. பசுமைப் புரட்சிக்கு வித்திட்டு 1966இல் வெளியான ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல், இதே ஜிப்ரலினைக் குறைவாக உண்டாக்கும் மரபணுவைக் கொண்டிருந்ததால்தான் குட்டையாக இருந்தது என்பது 2002இல் கண்டறியப்பட்டது. பூஞ்சையைச் சோதித்துக்கொண்டிருந்த குரோசாவாவுக்கு, வெள்ளத்தில் அகப்பட்ட உழவருக்குத் தம் ஆய்வு எண்பது ஆண்டுகள் கழித்து உதவும் என்று தெரிந்திருக்க வழியில்லை. உடனடிப் பயன் தெரியாத ஆய்வுக்கு அரசும் சமூகமும் ஏன் பணம் செலவிட வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கு, இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

மூழ்கியும் சாகாத நெல் ஆய்வகத்தில் பிறந்த பொருளன்று. ஒடிசா உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுவந்த பாரம்பரிய நெல்லிலிருந்து கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெரிந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம், முழுவதும் மூழ்கிய நிலையில் இரண்டு வாரங்கள் வரை தாக்குப்பிடித்தது. அதன் பெயரின் முதல் இரண்டெழுத்துகள் ‘வெள்ளத்தை எதிர்க்கும்’ என்ற பொருள் தருபவை. ஆனால் அதன் விளைச்சல் குறைவு. அரிசியின் தரமும் சந்தைக்கு ஏற்றதன்று. பிலிப்பைன்சின் லாஸ் பானோஸ் நகரில் 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மரபணு வங்கி இத்தகைய விதைகளைக் காத்துவருகிறது. உலகெங்கிலுமிருந்து திரட்டப்பட்ட 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இன்று அங்கே குளிரூட்டப்பட்ட அறைகளில் உள்ளன. எஃப்.ஆர்.13ஏவை நல்ல விளைச்சல் தரும் ரகங்களோடு இனக்கலப்பு செய்யும் முயற்சிகள் முன்பே நடந்தன. வெள்ளத்தைத் தாங்கும் பயிர்கள் கிடைக்கவும் செய்தன. ஆனால் தாங்கும் குணத்தோடு சேர்ந்து வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்ததால், உழவர்கள் அவற்றை ஏற்கவில்லை. சாப்பிடப் பிடிக்காத, விற்க முடியாத நெல், வெள்ளத்தைத் தாங்கி என்ன பயன்? உழவரின் இந்த மறுப்பையும் ஆய்வின் ஒரு பகுதியாகவே மாணவர் பார்க்கப் பழக வேண்டும். அந்த மறுப்புதான் அடுத்த கேள்வியைக் கூர்மையாக்கியது: வெள்ளத்தைத் தாங்கும் குணத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து, உழவர் விரும்பும் நெல்லில் சேர்க்க முடியுமா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மக்கிலும் அவருடைய மாணவர் கெனாங் சூவும் 1996இல், அந்தக் குணத்தின் பெரும்பகுதி நெல்லின் 9ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடங்கியிருப்பதாகக் கண்டறிந்தனர். மூழ்குதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகளைக் கொண்டு அவ்விடத்துக்குச் ‘சப்1’ என்று பெயரிடப்பட்டது. நெல்லில் 12 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் எழுதப்பட்டுள்ள மரபுச் செய்தி ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் நீளமுடையது. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் ஆய்வகங்கள் குரோமோசோம்களைப் பங்கிட்டுக்கொண்டு அச்செய்தியை முழுமையாகப் படித்து 2005இல் வெளியிட்டன. சப்1 என்ற இடத்தில் உண்மையில் எந்த மரபணு வேலை செய்கிறது என்பது 2006இல் தெளிவாயிற்று. பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரஸ் ஆகியோரும் அந்த ஆய்வில் பங்கேற்றனர். குரோமோசோமில் இருக்கும் இடம் தெரிந்ததற்கும், மரபணு எதுவென்று தெரிந்ததற்கும் நடுவே பத்தாண்டுகள் கழிந்தன. அந்தப் பத்தாண்டுகளைப் பாடத்தில் ஒரே வரியில் கடந்துவிடலாகாது. ஆய்வு என்ற சொல்லின் முழுப் பொருளும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சப்1ஏ என்று பெயரிடப்பட்ட அந்த மரபணு செய்வது எளிமையான, ஆனால் எண்ணிப் பார்க்கையில் வியக்கத்தக்க ஒரு வேலை. எத்திலீன் பெருகியதும் அது விழித்துக்கொண்டு, ஜிப்ரலினின் தூண்டுதலுக்குப் பயிர் செவிசாய்க்காதபடி தடுக்கிறது. பயிர் நீள்வதை நிறுத்துகிறது. மாவுச்சத்தைச் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. நீருக்கடியில் மூச்சடக்கிய யோகிபோல் அசையாமல் காத்திருக்கிறது. வெள்ளம் வடிந்ததும், மிச்சம் வைத்திருந்த சேமிப்பைக் கொண்டு புதுத் தூர் விட்டு வளர்ச்சியைத் தொடர்கிறது. இதற்கு நேரெதிரான வழியைக் கைக்கொள்ளும் நெல்லும் உண்டு. மாதக்கணக்கில் ஆழநீர் நிற்கும் ஆற்றுச் சமவெளிகளில் வளரும் ஆழநீர் நெல், வெள்ளத்தோடு போட்டியிட்டுப் பல அடி உயரம் நீண்டுவிடுகிறது. அதற்குக் காரணமான இரு மரபணுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தனர். இரண்டு நெல்லும் கேட்பது ஒரே எத்திலீனின் செய்தியைத்தான் என்றாலும், ஒன்று அடங்குகிறது, மற்றொன்று ஓடுகிறது. குறுகிய காலத் திடீர் வெள்ளத்துக்கு அடங்குதல் ஏற்றது. நெடுங்காலம் நிற்கும் நீருக்கு ஓடுதல் ஏற்றது.

மரபணு இருக்கும் இடம் தெரிந்த பிறகு, அதைப் பிரபலமான ரகத்துக்குள் கொண்டுசெல்லும் வேலை தொடங்கியது. ஆந்திரப் பிரதேசத்தின் மாருட்டேருவில் உருவாக்கப்பட்டு 1982இல் வெளியாகி, கிழக்கிந்தியா முழுவதும் பரவியிருந்த ‘சுவர்ணா’ என்ற ரகம் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. கையாளப்பட்ட முறை பின்கலப்பு எனப்படும். சுவர்ணாவையும் சப்1ஏ கொண்ட நெல்லையும் ஒட்டுச்சேர்க்கை செய்தால் பிறக்கும் பயிரில் இரண்டின் மரபும் பாதிக்குப் பாதி இருக்கும். அந்தப் பயிரை மீண்டும் சுவர்ணாவோடு சேர்த்தால் அயல் மரபின் பங்கு சராசரியாகக் கால்பங்காகும். இன்னொரு முறை சேர்த்தால் அரைக்கால். இப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். பழைய முறையில் இதைச் செய்தால், வேண்டிய மரபணு உள்ளே இருக்கிறதா என்றறிய ஒவ்வொரு தலைமுறையையும் நீரில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டும். மூலக்கூறு அடையாளக்குறிகள் என்னும் உத்தி அந்தச் சுமையை நீக்கியது. நாற்றின் இலையில் சிறு துண்டைக் கிள்ளி, அதன் டி.என்.ஏ.வைச் சோதித்து, சப்1ஏ உள்ளதா, மற்ற பகுதிகளில் சுவர்ணாவின் மரபு எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதை அப்போதே அறிந்து, தகுதியான செடிகளை மட்டும் அடுத்த கலப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு, மூன்று பின்கலப்புகளிலேயே வேலை முடிந்தது. பிறந்த நெல் உயரத்திலும் விளைச்சலிலும் சுவர்ணாவாகவே இருந்தது. வெள்ளத்தைத் தாங்கும் குணம் மட்டும் கூடுதல். ‘சுவர்ணா-சப்1’ என்ற அந்த ரகம் 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. இது மரபணு மாற்றப்பட்ட பயிர் என்ற வகையில் சேராது. மகரந்தச் சேர்க்கையின் வழியே உருவாக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை மாணவருக்குத் தெளிவாக விளக்குவது, மரபணு தொழில்நுட்பத்தைக் குறித்த பொதுவிவாதங்களில் அவர் பின்னாளில் ஆதரித்தோ எதிர்த்தோ அறிவோடு பேச உதவும்.

ஆய்வு சமூகத்துக்குப் பயன்பட்டது என்று சொல்லிவிடுவது எளிது. பயன்பட்டதா, யாருக்கு, எவ்வளவு என்பதை அளப்பதும் ஓர் அறிவியல் என்பது பள்ளிகளில் பேசப்படுவதே இல்லை. சுவர்ணா-சப்1 இதற்கும் பாடமாகிறது. ஒடிசாவின் சிற்றூர்களில் பொருளியல் ஆய்வாளர்கள், மன்சூர் தர், அலென் தெ ஜான்வ்ரி, கைல் எமரிக், எலிசபெத் சதுலே முதலியோர், குலுக்கல் முறையில் சில உழவர்களுக்கு மட்டும் புதிய விதைப் பைகளை வழங்கினர். யாருக்கு விதை கிடைக்கும் என்பதைக் குலுக்கலே முடிவுசெய்ததால், பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே பின்னர் தோன்றிய வேறுபாட்டுக்கு விதையே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. செல்வந்தருக்கோ திறமையாளருக்கோ விதை முன்கூட்டிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. 2013இல் வெளியான முடிவுகளின்படி, வயல் பத்து நாள் மூழ்கிக் கிடந்தால் சுவர்ணாவைவிடச் சுவர்ணா-சப்1 ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத வயலில் அதனால் எந்த இழப்பும் ஏற்படவில்லை.

அந்த ஆய்வில் மனத்தைத் தொடும் செய்தி வேறொன்று. ஒடுக்கப்பட்ட சாதியினரின் நிலங்களில், வெள்ளம் எளிதில் சூழும் தாழ்ந்த நிலங்களின் பங்கு மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. மேட்டு நிலம் ஒரு சாராருக்கும் பள்ள நிலம் மற்றொரு சாராருக்கும் என்று நூற்றாண்டுகளாகச் சமூகம் வகுத்துவைத்த அநீதியின் விளைவு அது. எனவே வெள்ளத்தைத் தாங்கும் விதையின் பயன் பள்ளத்தில் இருந்தவர்க்கே மிகுதியாகக் கிடைக்கக்கூடியதாயிற்று. அதே ஆய்வாளர்களின் அடுத்த ஆய்வு 2016இல் வெளியானது. விதை பெற்ற உழவர்கள், பயிர் முழுவதும் போய்விடும் என்ற அச்சம் குறைந்ததால், கூடுதல் பரப்பில் பயிரிட்டார்கள், உரத்துக்குச் செலவிட்டார்கள், கடன் வாங்கத் துணிந்தார்கள் என்று அது காட்டியது. ஒரு மரபணு மனிதரின் துணிச்சலையும் மாற்றியது என்பது தாவரவியல் நூல் எதிலும் இடம்பெறாத உண்மை. தாவரவியலும் பொருளியலும் சமூகவியலும் கைகோத்து நடந்தபோதுதான் அது புலப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆய்வின் பயன் வந்து சேர்ந்திருக்கிறது. டெல்டா உழவர்கள் நெடுங்காலமாகச் சம்பாப் பருவத்தில் பயிரிட்டுவரும் சி.ஆர்.1009, இட்லிக்கு ஏற்ற குண்டு அரிசி தரும் நீண்டகால ரகம். அதே பின்கலப்பு முறையில் சப்1ஏ சேர்க்கப்பட்ட சி.ஆர்.1009 சப்1 இன்று டெல்டா மாவட்டங்களில் பயிராகிறது. ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்த ஒரு குணம், பிலிப்பைன்சின் குளிர் அறையையும் கலிஃபோர்னியாவின் ஆய்வகத்தையும் சுற்றிவந்து, நாகப்பட்டினத்து வயலில் வேர்விட்டிருக்கிறது.

எனினும் சப்1ஏ எல்லா வெள்ளத்துக்கும் மருந்து என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். இரண்டு வாரங்களுக்கு மேல் மூழ்கினால் இந்த நெல்லும் சாகும். நீர் கலங்கலாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் அதன் தாங்குதிறன் குறையும். பயிரை முழுவதும் மூடாமல், முழங்காலளவு நீர் வாரக்கணக்கில் தேங்கும் வயலில், அடங்கியிருக்கும் குணம் உதவுவதில்லை. நாற்று விடாமல் நேரடியாக விதைக்கும் வயலில், முளைக்கும் விதையின் மேல் மழைநீர் நின்றுவிட்டால், அங்கே வேண்டியது வேறொரு மரபணு; மியான்மரின் பாரம்பரிய நெல் ஒன்றிலிருந்து அத்தகைய மரபணு 2015இல் அடையாளம் காணப்பட்டது. கடலோர மாவட்டங்களில் வெள்ளத்தோடு உப்பும் சேர்ந்து வருகிறது. கேரளத்தின் பொக்காளி நெல் உவர்நிலத்தைத் தாங்குவதால், அதன் குணத்தையும் சப்1ஏவையும் ஒரே பயிரில் சேர்க்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. இந்தப் பட்டியலே மாணவருக்கு மிகவும் வேண்டியது. விடை கிடைத்த கேள்விகளைப் படித்து முடித்த மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும்; விடை கிடைக்காத கேள்விகள் எவை என்று தெரிந்துகொண்ட மாணவருக்குத் தமக்கும் அங்கே ஓரிடம் உண்டு என்ற எண்ணம் பிறக்கும்.

இவ்வளவையும் சொல்லால் மட்டும் விளக்க வேண்டியதில்லை. உழவர்க்குப் புதிய ரகங்களை அறிமுகப்படுத்தும் வேளாண் அறிவியல் நிலையங்களுள் நாட்டின் முதலாவது 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் அவை இயங்குகின்றன. அங்கோ, ஆடுதுறையில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலோ கேட்டு, சி.ஆர்.1009 நெல்லிலும் சி.ஆர்.1009 சப்1 நெல்லிலும் கைப்பிடியளவு விதை பெற்றுவர ஓர் ஆசிரியரால் முடியும். இரண்டையும் ஒரே மண்ணில், தனித்தனித் தொட்டிகளில், ஒரே எண்ணிக்கையில் விதைத்து, மூன்று வாரம் வளர்த்து, நுனி வரை மூழ்கும்படி ஒரு பெரிய பீப்பாய் நீரில் இறக்கி, கொசு முட்டையிடாதபடி வலையால் மூடி, பன்னிரண்டு முதல் பதினான்கு நாள் கழித்து வெளியே எடுக்கலாம். எடுத்த அன்றே எண்ணக் கூடாது. மேலும் பத்து நாள் வெயிலில் வைத்து, புதுத் தளிர் விட்டவை எத்தனை என்று எண்ண வேண்டும். மூழ்கடிக்கும் முன்னும் பின்னும் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டால், எது நீண்டது, எது அடங்கியது என்பதும் மாணவர் கைக்கணக்கிலேயே தெரிந்துவிடும். முடிவு எதிர்பார்த்தபடி வராமலும் போகலாம். அப்போது நீர் கலங்கியிருந்ததா, தொட்டி நிழலில் இருந்ததா, விதை கலந்துவிட்டதா என்று வகுப்பு விவாதிக்க வேண்டும். அந்த விவாதம் நடக்கும் மணி நேரத்தில் மாணவர்கள் ஆய்வாளர்களாகவே இருப்பார்கள்.

சம்பா விதைப்புக் காலம் ஆகஸ்டில் தொடங்குகிறது. பள்ளிகளும் அப்போது திறந்தே இருக்கும். டெல்டா மாவட்டங்களின் அறிவியல் ஆசிரியர்கள் வரும் பருவத்தில் இரண்டு தொட்டிகளோடும் ஒரு பீப்பாயோடும் இதைத் தொடங்கிவிட வேண்டும்.